எல்லாமே டென்ஷன்தானா? பொது மருத்துவரிடம் கேள்வி பதில்

நான் பொது மருத்துவன், மனநல மருத்துவன் அல்ல. மன அழுத்தம் உடம்பை என்ன செய்கிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இன்டர்வியூ என்றாலே நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலக்குகிறது. இது நோயா?

பதில்: இல்லை. ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியதும் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை விடும். இதயம் வேகமெடுக்கும், கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். சற்று நேரத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனும் கூடும். வேலை முடிந்ததும் எல்லாம் அடங்கினால் கவலை இல்லை. மாதக்கணக்கில் அடங்காவிட்டால்தான் கெடுதல். தூக்கம் போகும், சுகர் கட்டுப்பாடு தவறும், கவனமும் ஞாபகமும் மங்கும்.

கேள்வி: வீட்டில் ஒரு சாவு. மூன்று மாதம் கழித்து இப்போது முடி கொத்தாகக் கொட்டுகிறது. ஷாம்பு காரணமா?

பதில்: ஷாம்பு இல்லை. பெரிய அதிர்ச்சியோ கடும் காய்ச்சலோ வந்தால் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். ஆனாலும் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். டென்ஷன் என்று முடிவுகட்டுவதற்கு முன் மற்றதைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: கவலைப்பட்டே எனக்கு அல்சர் வந்துவிட்டது. மனசு சரியானால் புண் ஆறுமா?

பதில்: எண்டோஸ்கோப்பி பார்த்தீர்களா? பார்க்காமலே அல்சர் என்று சொல்கிறவர்களில் பலருக்கு இருப்பது நெஞ்செரிச்சல்தான். புண்ணே இருந்தால் முதல் சந்தேகம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அடுத்தது மூட்டுவலி, தலைவலி என்று விழுங்கும் வலி மாத்திரைகள். அந்த பாக்டீரியாவுக்கும் புண்ணுக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982 முதல் காட்டத் தொடங்கினார்கள். யாரும் லேசில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார்; சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமி இருந்தால் சுமார் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்கோடு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சாப்பிட வேண்டும். மனசு அமைதியானால் மட்டும் அந்தக் கிருமி சாகாது.

கேள்வி: இதை ஏற்க முடியாது சார். 1936இல் மன அழுத்த ஆய்வாளர் ஹான்ஸ் செலியே எலிகளை வதைத்தபோது வயிற்றில் புண் வந்ததே? அங்கே ஏது இந்த பாக்டீரியா?

பதில்: நல்ல ஆட்சேபம். அந்த எலிகளுக்குக் குளிர், காயம், நச்சு என எதைக் கொடுத்தாலும் அட்ரினல் பெருத்தது, நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. தீக்காயத்தோடு ஐசியூவில் கிடப்பவர்களுக்கும் இப்படிப் புண் வருவது உண்டு. ஆனால் அது உடம்பு தாங்க முடியாத அடி. ஆபீஸ் டென்ஷனை அதோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: அந்த பாக்டீரியா இருக்கிற எல்லோருக்கும் அல்சர் வருவதில்லையே? அப்போது மனசுக்குப் பங்கு உண்டுதானே?

பதில்: உண்டு. பாக்டீரியாவோடு வாழ்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை. டென்மார்க் மக்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மன அழுத்தம் கூடியவர்களுக்குப் புண்ணும் கூடுதலாக வந்தது. தூக்கம் கெட்டவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், வலி மாத்திரை போடுபவர்கள் அவர்களில் அதிகம் என்பதும் அதில் ஒரு பகுதிக் காரணம். மனசுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மனசைக் காரணம் காட்டி கிருமியைத் தேடாமல் விடாதீர்கள் என்கிறேன்.

கேள்வி: இன்னும் மூன்று பேர் இதே விவாதத்தில்: "எங்கள் தாத்தாவுக்கு மோர் குடித்தே ஆறிவிட்டது."

பதில்: புண் சில சமயம் தானாக ஆறும். கிருமி இருந்தால் திரும்ப வரும். இதோடு அல்சர் பேச்சு போதும்.

கேள்வி: ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று பார்க்க கார்டிசால் டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கார்டிசால் காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். ஒரே ஒரு ரத்த மாதிரி உங்கள் மனநிலையைச் சொல்லாது. சுரப்பி நோய் சந்தேகம் இருந்தால் மருத்துவர் எழுதித் தருவார்.

கேள்வி: பேக்கேஜில் கார்டிசாலும் இருக்கிறது, விலை குறைவு. எடுக்கலாமா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கித் தினமும் அரை மாத்திரை போடுகிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது.

பதில்: சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும். இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

கேள்வி: அப்பா இறந்த அன்றைக்கே அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்கிறார்கள். நடிப்பு என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள்.

பதில்: நடிப்பு இல்லை. எக்கோவில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டகோட்சுபோ என்ற நிலையாக இருக்கலாம். அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை திடீரெனப் பலவீனமாகி உப்பும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம். பெரும்பாலோருக்கு சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் முதல் நாட்களில் ஆபத்து உண்டு. சொந்தக்காரர்களிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: நெஞ்சுவலி டென்ஷனா, கேஸா, எப்படித் தெரியும்?

பதில்: வீட்டில் உட்கார்ந்து தெரியாது. வியர்வை, மூச்சுத்திணறல், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி இருந்தால் 108. மீதியை இசிஜி சொல்லட்டும்.

கேள்வி: இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. வாழவே பிடிக்கவில்லை.

பதில்: இப்போதே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் நம்பும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், தனியாக இருக்க வேண்டாம். நாளைக்கு மனநல மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய்வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.