மஞ்சள் வில்லை ஏன் சிவந்தது?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வயது 46. குடியாத்தத்தில் தறி வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு மேல்வயிறு எரிந்து விழிப்பு வந்துவிடும், இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கும். வேலூரில் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடல் ஆரம்பத்தில் புண் என்றார்கள். இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை ஒரு சின்ன மஞ்சள் வில்லையில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது ரோஸ் நிறமானது. எச். பைலோரி கிருமி இருக்கிறது என்று 14 நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். வாயெல்லாம் தகரத்தை நக்கினாற்போல் இருந்தது, வலியும் போய்விட்டது, ஆறாம் நாளே நிறுத்திவிட்டேன். மூன்று மாதத்தில் வலி திரும்பிவிட்டது. ஆம்பூர் பிரியாணியை விட்டால் சரியாகும் என்கிறார் மச்சான். அவருக்கும் இதே கிருமி இருக்கிறதாம், ஆனால் கல்லைத் தின்றாலும் செரிக்கிறது. வயிற்று ஆசிட்டில் கிருமி எப்படிப் பிழைக்கிறது? எனக்கு மட்டும் ஏன் புண்?

பதில்: முதலில் பிரியாணியை விடுவித்துவிடுவோம். காரம் ஏற்கெனவே இருக்கும் புண்ணில் எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான். இந்தப் புண்ணை உண்டாக்கியது அது இல்லை. ஆறும்வரை கத்திரிக்காய் தொக்கை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிட்டில் கிருமி எப்படி என்று கேட்டீர்களே, நாற்பது வருடத்துக்கு முன்பு டாக்டர்களே அப்படித்தான் கேட்டார்கள். இரைப்பையில் எதுவும் வாழாது என்பது அன்றைய பாடம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் இந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்கத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். இரண்டு நாளில் எதுவும் முளைக்கவில்லை என்றால் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அப்போதும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கிக் குடித்து, தானே இரைப்பை அழற்சியில் படுத்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, உங்கள் மஞ்சள் வில்லைக்கு வருவோம். அதில் யூரியாவும், ஆசிட்டுக்கு நேர்மாறான காரத்தன்மை (நாக்கில் படும் காரம் அல்ல) ஏறினால் நிறம் மாறும் ஒரு சாயமும் இருக்கும். எச். பைலோரி யூரியேஸ் என்றொரு புரதத்தை மூட்டை மூட்டையாகச் செய்து வைத்திருக்கிறது. யூரியா நம் உடம்பிலேயே ஊறுவது, இரைப்பை நீரிலும் கொஞ்சம் இருக்கும். யூரியேஸ் அதை அமோனியாவாக உடைக்கிறது. அமோனியா ஆசிட்டை முறித்துவிடும். இதற்கென்று கிருமியின் சுவரில் யூரியாவை உள்ளே விட ஒரு கதவும் உண்டு, அதுவும் ஒரு புரதம். வெளியே ஆசிட் ஏறினால் திறக்கும், தணிந்தால் மூடிக்கொள்ளும். நீங்கள் பார்த்த ரோஸ் நிறம் அந்த அமோனியா செய்த வேலை.

ஆனால் இரைப்பைக் குழியில் மிதந்துகொண்டே அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. சுவரை ஒட்டியிருக்கும் சளிப்படலத்துக்குள் போய்விட்டால் ஆசிட் குறைவு. ஆசிட் பட்ட இடத்தில் அந்தச் சளி கெட்டியான கூழ்போல இருக்கும். அமோனியா பட்டதும் இளகிவிடும். சுருள் உடம்பும் வால் இழைகளும் கொண்ட கிருமி அதைத் துளைத்து நீந்திப் போகிறது. போனதும் பாப்-ஏ போன்ற ஒட்டும் புரதங்களால் சுவர் செல்களின் மேலுள்ள சர்க்கரைத் துணுக்குகளைப் பிடித்துக்கொள்கிறது. சளி உதிர்ந்துகொண்டே இருக்கும், பிடி இல்லாவிட்டால் அதோடு அடித்துக்கொண்டு போய்விடும்.

சேதம் செய்பவை வேறு இரண்டு. வாக்-ஏ என்பது கிருமி வெளியே விடும் நஞ்சு. அது செல்லில் துளை போட்டு, உள்ளே குமிழ் குமிழாக உப்ப வைக்கும். காக்-ஏ-வைக் கிருமி ஊசிபோன்ற ஓர் அமைப்பால் நேரே செல்லுக்குள் ஏற்றுகிறது. உள்ளே போனதும் அது செல்லின் சமிக்ஞைகளைக் குழப்பி, பக்கத்துச் செல்லோடு இருக்கும் கட்டைத் தளர்த்துகிறது. உடம்பு வெள்ளணுக்களை அனுப்பிச் சண்டை போடுகிறது, அழற்சி வருகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இந்த அழற்சி இருந்தால் ஆசிட்டுக்குக் கடிவாளம் போடும் ஹார்மோன் குறைந்து, ஆசிட் கூடுதலாகச் சுரக்கும். அது வழிந்து இறங்கும் இடத்தில்தான் உங்கள் புண்.

மச்சான் விஷயம். கிருமி உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் லேசான அழற்சி இருக்கும். புண் வருவது பத்தில் ஒருவருக்கு அல்லது அதைவிடக் கொஞ்சம் அதிகம். எல்லாக் கிருமியிடமும் காக்-ஏ இருப்பதில்லை, வாக்-ஏ-யிலும் வீரியம் கூடியது, குறைந்தது உண்டு. அதனால் உங்களுடையது முரட்டு ரகம், அவருடையது சாது என்று சொல்லத் தோன்றும். ஆனால் நம் நாட்டில் புண் இல்லாதவர்களிடமும் காக்-ஏ உள்ள கிருமி ஏராளமாக இருக்கிறது. ஆக, கிருமியின் ரகம் பாதிக் கதைதான். புகை, உடல்வாகு, வலிமாத்திரை எல்லாம் சேரும். தறியில் குனிந்து இடுப்பு வலிக்கும்போது மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் பார்க்கும் தறிக்காரர்களில் பலர் போடுகிறார்கள். கிருமியும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் புண்ணுக்கும் ரத்தக்கசிவுக்கும் வாய்ப்பு மிக அதிகம். நிறுத்துங்கள்.

ஆறாம் நாள் வலி போனது ஆசிட் குறைக்கும் மாத்திரையால். கிருமி அப்போது முழுதாகச் சாகவில்லை, குறைந்திருந்தது. தப்பியவற்றில் மருந்துக்கு அசையாதவை இருக்கலாம், அதனால் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரைகளை வாங்காதீர்கள். சீட்டை உங்கள் டாக்டரிடம் கொண்டுபோங்கள். பெரும்பாலும் பிஸ்மத் என்ற மருந்து உட்பட நான்கு மருந்து சேர்ந்த 14 நாள் சிகிச்சையாக மாற்றுவார். தகரச் சுவை இதிலும் வரலாம், மருந்து முடிந்ததும் போய்விடும். மெட்ரோனிடசோல் இருந்தால் மதுவைத் தொடக் கூடாது. டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்க வேண்டாம். பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தார்போலப் பிசுபிசுத்து நாறினாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, தலை சுற்றினாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மச்சானுக்குத் தொந்தரவு இல்லையென்றால் அவசரம் இல்லை. வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் அவரும் கட்டாயம் டாக்டரைப் பார்க்கட்டும்.

மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். உங்கள் புண் சிறுகுடலில் என்பதால் இதற்காக மறுபடி குழாய் விழுங்கத் தேவையில்லை, மூச்சுப் பரிசோதனை போதும். அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். கிருமி மிச்சமிருந்தால் அதே யூரியேஸ் அதை உடைத்து, அந்தக் கார்பன் மூச்சில் வந்துவிடும். ஒன்று மறக்காதீர்கள்: அதற்கு இரண்டு வாரம் முன்பே பான்டப்ரசோல் போன்ற ஆசிட் குறைக்கும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். ஆசிட் குறைந்த வயிற்றில் கிருமி பதுங்கிவிடும், யூரியேஸும் மங்கும், இல்லாத மாதிரி ரிப்போர்ட் வந்துவிடும். இடையில் எரிந்தால் சாதாரண ஆன்டாசிட் திரவம் குடித்துக்கொள்ளலாம், பரிசோதனைக்கு முந்தைய நாள் அதையும் விட்டுவிடுங்கள்.