கணினி, பொறியியல் ஆசிரியர்கள் மின்னிலக்கக் கருவிகளை விரும்புவதும் கலைத்துறை ஆசிரியர்கள் ஒதுங்குவதும் உண்மையா?

பாதி உண்மை. இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கு இந்தக் கருவிகளை அமைத்துக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதனால் யார் எதற்குத் திட்டுகிறார்கள் என்பது தினமும் காதில் விழும். துறை முக்கியம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. மாணவர் யோசித்தார் என்பது அந்தப் பாடத்தில் எதை வைத்துத் தெரியும், அதைக் கருவி பிடிக்கிறதா கோட்டைவிடுகிறதா, அதைப் பொறுத்துத்தான் ஆசிரியரின் முகம் மலர்வதும் சுருங்குவதும்.

நிரல் எழுதும் பாடத்தில் மாணவர் அனுப்பியது ஓடுகிறதா இல்லையா என்று இயந்திரமே சோதித்துச் சொல்லிவிடும், நள்ளிரவில் அனுப்பினாலும் உடனே பதில் கிடைக்கும். என்யுஎஸ் எனப்படும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் கோர்ஸ்மாலஜி என்ற தளத்தை அவர்களே உருவாக்கினார்கள், வீடியோ கேம் மாதிரி புள்ளிகளும் நிலைகளும் வைத்து. அவர்களுக்கு ஏன் கசக்கப்போகிறது? டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியிலும் பாடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து, வகுப்பில் முதலில் தனியாகவும் பிறகு அதே கேள்விகளுக்குக் குழுவாக வாதாடியும் விடையளிப்பார்கள். பாடம் வீட்டுக்குப் போய்விட்டதால் வாதாட நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கணிதத்துக்கு வந்தால் உங்கள் கணக்கு இடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு விரிவுரையாளர் ஸ்லைடு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நிரூபணம் முழுசாக ஒரே நொடியில் திரையில் வந்து நின்றால் அடுத்த வரி எங்கிருந்து வந்தது என்று யாருக்குப் புரியும் என்பார், அவர் சொல்வது நியாயம்தான். 2020 ஏப்ரலில் கொவிட் பரவலைத் தடுக்க எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டிய கிருமி முறியடிப்புக் காலம் தொடங்கியபோது அதே மனிதர்தான் எங்களைக் கேட்காமலேயே ஒரு டேப்லெட்டும் பேனாவும் வாங்கி, ஸூமில் வரி வரியாக எழுதி, தப்பான வழியில் பாதி தூரம் போய் அடித்துவிட்டு, மறுபடி எழுதிக் காட்டினார். இன்றுவரை அந்தப் பேனாவை விடவில்லை. தானாகத் திருத்தும் வினாடிவினாவை மட்டும் தொடமாட்டார், ஏனென்றால் அதற்குக் கடைசி விடை மட்டும் போதும், இவருக்கு நடுவில் இருக்கும் படிகள் வேண்டும். இவரைத் தொழில்நுட்பத்துக்கு ஆதரவு என்பீர்களா, எதிர்ப்பு என்பீர்களா?

அப்புறம் தமிழ். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினா ஒன்றை ஓர் ஆசிரியை ஆசையாகத் தயாரித்தார். சரியாக எழுதிய பலருக்குச் சுழியம் விழுந்தது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. தோண்டிப் பார்த்தால், ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில், அதாவது கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம். இரண்டும் ஒன்றுதான் என்று யுனிகோடு சொல்கிறது, ஆனால் ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தளம் அதைச் செய்யவில்லை. அவர் எல்லாத் தாள்களையும் கையால் திருத்தி முடித்தார், அதோடு அந்த வசதியைத் திறப்பதே இல்லை. வெளியிலிருந்து பார்த்தவர்கள் சொன்னது என்ன தெரியுமா? தமிழ் டீச்சருக்குக் கம்ப்யூட்டர் வராதாம்! இந்த ஊரில் தமிழ்க் கணிமைக்கு முன்னோடியாக இருந்தவரே எழுத்தாளர் நா. கோவிந்தசாமிதான், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 1990களிலேயே கணியன் எழுத்துருவை உருவாக்கியவர்.

வயதுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நேரத்துக்கு உண்டு. தளம் மாறும்போதெல்லாம் பழைய வினாக்களையும் கோப்புகளையும் இடம் மாற்றி அடுக்குவது யார் கணக்கிலும் ஏறாத வேலை, அதில் எல்லாத் துறையினரும் ஒரே குரலில்தான் முணுமுணுக்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு வேடிக்கை: வீட்டில் செய்யும் வேலையை நம்ப முடியவில்லை என்று பேனாவும் தாளும் கேட்பவர்களில் கணினி ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வுக்காகக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ‘தொழில்நுட்பம் பிடிக்குமா’ என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். பதிவுசெய்த விரிவுரை, தானாகத் திருத்தும் வினா, இணையக் கலந்துரையாடல், செயற்கை நுண்ணறிவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பகுதிநேர ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் எங்கள் பயிற்சி வகுப்புகளுக்கு வரவே முடிவதில்லை.