பெட்டியை இழுக்கும் சத்தம்

கேள்வி: செத்தாபாக்கில் மூன்று அறை அடுக்குமாடி வீடு எங்களுடையது. நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மாமா இறந்த பிறகு, நான்கு வருடமாக அத்தையும் எங்களுடன் இருக்கிறார். என் படுக்கையறை அலமாரிக்கு மூன்று கதவு, ஒன்றும் சரியாக மூடுவதில்லை. புடவை மட்டும் நாற்பதுக்கு மேல். அத்தை படுக்கும் அறையில் உள்ள அலமாரியும் என் துணியால் நிறைந்துவிட்டது; டேக் பிரிக்காத பஞ்சாபி சூட்டெல்லாம் அங்கேதான் தொங்குகிறது. அத்தை தன் துணிமணியைக் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்துக்கொள்கிறார், அவரால் தொந்தரவு இல்லை. விடியற்காலை ஐந்தரைக்குப் பெட்டியை இழுக்கும் சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. போன மாதம் ஒரு பட்டுப் புடவையில் பூசணம் வேறு. இன்னொரு அலமாரி வாங்கலாமா? இருப்பதையே ஒழுங்குபடுத்த வழி உண்டா?
ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: வாங்காதீர்கள். தீபாவளி முடிந்த கையோடு இதே கடிதம் வருடா வருடம் வருகிறது. அலமாரி வாங்கியவர்கள் அடுத்த வருடமும் எழுதுகிறார்கள்.

உங்கள் துணியை அப்புறம் பார்ப்போம். நான் அந்தப் பெட்டியிலேயே நின்றுவிட்டேன். நான்கு வருடம், அம்மா! வயதான ஒரு மனுஷி, தான் படுக்கும் அறையிலேயே அலமாரி இருந்தும், தினமும் தரையில் குனிந்து கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துணி எடுக்கிறார். அலமாரிக்குள் சொகுசாகத் தொங்குவது மருமகள் ஒரு நாள்கூட உடுத்தாத சூட். இரண்டு நாள் தங்க வரும் விருந்தாளிக்குக்கூட நாம் நாலு ஹேங்கர் ஒதுக்கிக் கொடுப்போமே!

"அவரால் தொந்தரவு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி இருக்கும்? நான்கு வருடத்தில் ஒரு தட்டு இடம்கூடக் கேட்காதவர். குளித்துவிட்டு மாற்றுப் புடவை எடுக்க அவர் அந்தப் பெட்டியைத்தானே இழுக்க வேண்டும்? வேறு எங்கே வைக்க விட்டீர்கள்? உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது உங்கள் சூட்டுதான்.

கணவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல். பெற்ற பிள்ளை தினமும் அந்த அறையைத் தாண்டித்தானே வேலைக்குப் போகிறார்? அவர் கண்ணில் பெட்டி படவில்லையா? துணி வைப்பது பெண்கள் விஷயம் என்று விட்டிருப்பார். அம்மாவைப் பார்த்துக்கொள்வது முதலில் மகனின் கடமை, மருமகளுக்கு அப்புறம்தான். இந்தப் பக்கத்தை அவரிடமும் காட்டுங்கள்.

திட்டுகிற எனக்கும் யோக்கியதை குறைவுதான். என் அம்மா கடைசிக் காலத்தில் என்னிடம் இருந்தபோது என் அலமாரியின் மேல் தட்டைக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அம்மா சொன்னார்: "ஒரு துண்டு எடுக்கணும்னாலும் உன்னைக் கூப்பிட வேண்டியிருக்கு." அவருக்குக் கை எட்டாது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால் முதலில் அத்தையின் அறை. அங்கே இருக்கும் உங்கள் துணியில் ஒன்று விடாமல் வெளியே எடுங்கள். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளை அவருக்கு விடுங்கள். குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். எதை எங்கே வைப்பது என்பதை அவரே சொல்லட்டும். ஒழுங்குபடுத்துகிறேன் என்று அவருடைய பழைய புடவையில் கை வைக்காதீர்கள். கிழிந்ததாக இருந்தாலும் அது அவருடையது.

இப்போது உங்கள் கட்டிலில் ஒரு மலை குவிந்திருக்கும். டேக் பிரிக்காததை எல்லாம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் மலிவு விற்பனையில் வாங்கியதுதானே, மனசு வராது, தெரியும். இரட்சணிய சேனை போன்ற தொண்டு அமைப்புகளில் நல்ல நிலையில் உள்ள துணியை வாங்கிக்கொள்வார்கள். சாயம் போனது, கிழிந்தது வேண்டாம். அதைக் கொடுப்பது தர்மத்தில் சேராது.

பட்டு வேறு கதை. நம் ஊரில் வருடம் முழுக்க ஈரம். நெருக்கி அடுக்கி, காற்றுப் புகாமல் மூடினால் பூசணம் பிடிக்கத்தான் செய்யும். பிளாஸ்டிக் உறையை உடனே எடுத்து எறியுங்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அங்கேதான் விடும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது, கறுத்துவிடும். அதற்குப் பதில் வசம்பைத் துணியில் முடிந்து போடலாம். ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தால் கீழ்த் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். அதில் சேரும் தண்ணீர் உப்புத் தண்ணீர், பட்டில் கொட்டினால் புடவை போயிற்று. அலமாரியின் முதுகு குளியலறைச் சுவரை ஒட்டி இருந்தால் நாலு விரல் தள்ளி நகர்த்துங்கள்.

நாற்பது புடவையில் எது தங்கும், எது போகும் என்று நான் சொல்ல மாட்டேன். எதையும் வெளியே அனுப்பும் முன் அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள். ஒன்றிரண்டு அவருக்குப் பிடித்திருக்கலாம். கேட்க மாட்டார், நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

காலியான பெட்டியை அந்த அறையில் விட்டுவைக்காதீர்கள். உங்கள் அலமாரி உச்சியில் ஏற்றிவிடுங்கள். அங்கே இடம் இல்லை என்று மட்டும் எனக்கு மறுபடி எழுதாதீர்கள்.