பில்லைக் கேளுங்கள்: ஸ்டார்லெட் வைத்திருப்பவர்களின் கடிதங்கள்

போன மாதம் ஒரு பதிலில், என் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய டொயோட்டா ஸ்டார்லெட்டைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை முழுக்க கடிதம் வந்துவிட்டது. இந்த முறை பழைய ஜப்பான் கார் மட்டும்தான். மிக்ஸி, பிரிட்ஜ் எல்லாம் அடுத்த மாதம்.

கேள்வி: எங்கள் வாப்பா 1982-ல் பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஸ்டார்லெட் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. ஷோரூம் கம்ப்யூட்டரில் இந்தக் காரே வரவில்லை. ஸ்பேருக்கு எங்கே போவது?
– கீழக்கரை வாசகர்

பதில்: வராதது இயல்புதான். டொயோட்டா இங்கே கார் விற்க ஆரம்பித்ததே 2000-ல், குவாலிஸோடு. வாப்பாவின் கார் அதற்கு 18 வருடம் முன்னாலேயே இறங்கிவிட்டது.

முதலில் பானெட்டைத் திறந்து உள்சுவரில் இருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். பெரும்பாலும் கேபி61 என்று இருக்கும். ‘கே’ என்பது இன்ஜின் குடும்பம், ‘பி’ என்பது ஸ்டார்லெட். இன்ஜின் பிளாக்கில் 4கே என்று வார்த்திருக்கிறதா பாருங்கள். இரண்டையும் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டார்லெட்’ என்று பெயர் சொல்லி மட்டும் எங்கேயும் ஸ்பேர் கேட்காதீர்கள். 1984-க்குப் பிறகு வந்த ஸ்டார்லெட் முன்சக்கர இழுவை, உங்களுடையது பின்சக்கர இழுவை. போதாததற்கு இங்கே கிளான்சா என்று விற்கும் காரைத் தென்னாப்பிரிக்காவில் ஸ்டார்லெட் என்று விற்கிறார்கள். ஆன்லைனில் பெயரை அடித்தால் அதற்குரிய பிரேக் பேடு வந்து நிற்கும்.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் கார் பெயரே தேவையில்லை. போன வருடம் என் டைனமோவில் கரகரவென்று சத்தம். பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய துணியால் துடைத்து, வாசல் வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். ஓரத்தில் 6202 என்று பொடி எழுத்து தெரிந்தது. 15 மில்லிமீட்டர் உள்வட்டம், 35 வெளிவட்டம், 11 கனம். உலகம் முழுக்க அந்த எண்ணுக்கு அதே அளவுதான். ராமநாதபுரத்திலேயே பேரிங் கடையில் எண்ணைச் சொன்னேன், நல்ல கம்பெனி சரக்காக எடுத்துக் கொடுத்தார்கள். ஆயில் சீலிலும் மூன்று அளவு அச்சடித்திருக்கும். பிரேக் சிலிண்டரின் துளை அளவைப் பெரும்பாலும் அதன் உடம்பிலேயே வார்த்திருப்பார்கள்.

இன்ஜின் சாமான்களுக்கு தூத்துக்குடிப் பக்கம் போர்க்லிஃப்ட் (சரக்குத் தூக்கும் வண்டி) ஸ்பேர் விற்பவர்களிடம் கேளுங்கள். டொயோட்டாவின் பழைய போர்க்லிஃப்டுகளில் இதே குடும்பத்து 5கே இன்ஜின் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பாயின்ட் போன்றவற்றைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுக்கலாம். பிஸ்டன் மட்டும் பொருந்தாது. 4கே-யின் சிலிண்டர் துளை 75 மில்லிமீட்டர், 5கே-க்கு 80.5. இந்தோனேசியாவில் டொயோட்டாவின் கிஜாங் வண்டிகள் பல வருடம் இந்தக் குடும்பத்து இன்ஜினில்தான் ஓடின. மலேசியா, இந்தோனேசியாவில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே வாங்குவதுதான் மலிவு. கீழக்கரையில் அப்படி ஒருவர் இல்லாத தெரு ஏது?

கேள்வி: ஜப்பானிலிருந்து 25 வருடப் பழைய சின்னக் கார் ஒன்றை 2 லட்சத்துக்கு இறக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முன்பணம் 30,000 கொடுக்கலாமா?
– சாயல்குடி வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். இறக்குமதியாகும் செகண்ட் ஹேண்ட் கார் 3 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, அதுவும் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும் என்பது விதி.

கேள்வி: 1.6 லட்சம் கொடுத்து 1986 மாடல் கார் வாங்கினேன். பிறகு ஆர்.சி.யைப் பார்த்தால் இறக்குமதி வண்டி என்றிருக்கிறது. பதிவைப் புதுப்பிக்க 80,000 ரூபாயாம். விற்றவர் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: “பிறகு பார்த்தால்” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் எண்ணிக் கொடுப்பவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் ஆர்.சி.யைப் படித்திருக்கலாம். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

கட்டணம் சரிதான். 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய சாதாரணக் காருக்குப் புதுப்பிப்பு 5,000, இறக்குமதிக் காருக்கு 40,000. 2025 ஆகஸ்ட்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு அதை முறையே 10,000, 80,000 ஆக்கினார்கள். ஆர்.சி.யில் இருக்கும் ஒரே ஒரு சொல்லுக்கு வித்தியாசம் 70,000 ரூபாய். விற்றவர் வியாபாரி இல்லை, தன் சொந்தக் காரை விற்றவர் என்றால் நுகர்வோர் ஆணையம் உதவாது. “இறக்குமதி வண்டி இல்லை” என்று எழுத்தில் ஏதாவது சொல்லியிருந்தால் வக்கீலைப் பாருங்கள். இல்லையென்றால் கட்டிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் இறந்த பிறகு அவருடைய ஸ்டார்லெட்டை நான் ஓட்டுகிறேன். ஒரு ஒர்க்ஷாப்பில் இன்ஜின் வேலை என்று 41,000 வாங்கினார்கள். இரண்டே வாரத்தில் மறுபடி புகை. பழைய சாமானைக் கேட்டால் எடைக்குப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டின் நகலை அனுப்பியிருக்கிறேன். ஐயா, நான் ஏமாந்துவிட்டேனா?
– பாம்பன் வாசகி

பதில்: அம்மா, நீங்கள் ஏமாறவில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சீட்டை இரண்டு முறை படித்தேன். நான்காவது வரியில் “டைமிங் பெல்ட் மாற்றியது 4,200” என்று இருக்கிறது. உங்கள் காரில் இருப்பது 4கே இன்ஜின். அதில் டைமிங் பெல்ட்டே கிடையாது. முன்பக்க மூடிக்கு உள்ளே இரும்புச் செயின்தான் ஓடுகிறது. இல்லாத சாமானை மாற்றியதாக எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்றால், மற்ற வரிகளை எப்படி நம்புவது?

அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அதுதான் உங்கள் சாட்சி. வேறு ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி, இன்ஜினில் செயின் இருப்பதையும் புகைக்கான காரணத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூடியைக் கழற்றினால் செயினைப் போட்டோ எடுங்கள். பிறகு ஒர்க்ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் கடிதம்: 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று நாலே வரி போதும். சண்டைக்கு நேரில் போகாதீர்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ஒர்க்ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். மனுவை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.

கேள்வி: “ஜப்பான் ஒரிஜினல்” என்று ஒரு கடையில் கிளட்ச் பிளேட் 5,500 சொல்கிறார்கள். பில் வேண்டுமென்றால் கூட ஆகுமாம். வாங்கலாமா?
– தொண்டி வாசகர்

பதில்: இந்த “ஜப்பான் ஒரிஜினல்” என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

2019-ல் என் காருக்கு மூன்று மாதம் வாட்டர் பம்ப் தேடினேன். வெளியூர்க் கடை ஒன்றில் இருந்தது. சிவப்பு வெள்ளைப் பெட்டி, ‘ஜப்பானில் தயாரானது’ என்ற எழுத்து பளபளவென்று இருந்தது. விலை 3,800. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இறக்குமதி செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. பார்த்தும் வாங்கினேன். பம்ப் கிடைத்ததே பெரிது என்று நினைத்தது என் தப்பு. பதினோராம் நாள் காலையில் கார் நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. கழற்றிப் பழைய பம்போடு சேர்த்து வைத்தால், புல்லி உட்காரும் இடம் 3 மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது. பெல்ட் சாய்ந்து ஓடி, பேரிங்கைத் தின்று, சீலைக் கிழித்துவிட்டது. கடைக்காரர் சொன்னது: “இம்போர்ட் ஐட்டத்துக்கு பில்லும் இல்லை, ரிட்டர்னும் இல்லை.” பில் இல்லாததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்றைக்குச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். இறக்குமதியாகி விற்கும் எந்தப் பொட்டலத்திலும் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம்-வருடம், எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ன் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் ஒன்று, சரக்கு ஜப்பானே இல்லை. அல்லது வரி கட்டாமல் வந்தது. இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)-ம் பிரிவு, பில் கொடுக்காததையே முறையற்ற வணிகம் என்கிறது. பழுதான பொருளை பில்லில் சொன்ன நாளுக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே முறையற்ற வணிகம்தான். “ரிட்டர்ன் கிடையாது” என்று போர்டு எழுதித் தொங்கவிட்டால் சட்டம் மாறிவிடாது. வரி சேர்ந்ததுதான் எம்.ஆர்.பி. அதற்கு மேல் பில்லுக்கு என்று ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. வாகன உதிரிபாகத்துக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான், அதைச் சொல்லி யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை.

ஆக, அந்த கிளட்ச் பிளேட்டை விடுங்கள். பழைய பிளேட்டை எடுத்துப் போய் கிளட்ச் லைனிங் ஒட்டித் தருபவரிடம் கொடுங்கள். உங்கள் கண் முன்னால் வேலை நடக்கும், பில்லும் கிடைக்கும்.

கேள்வி: மன்னாரில் மச்சான் இருக்கிறார். அங்கே ஸ்டார்லெட் சாமான் ஏராளமாம். ஹெட்லைட்டைப் படகில் கொடுத்தனுப்பச் சொல்லலாமா?
– ஏர்வாடி வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். அது கடத்தல். கொழும்பிலிருந்து விமானத்தில் வருபவர் பையில், பில்லோடு வரட்டும்.

கேள்வி: வாரம் ஒருமுறை தனுஷ்கோடி வரை போய் வருகிறேன். அடிப்பாகத்துக்குத் தார் கோட்டிங் அடிக்க 8,000 கேட்கிறார்கள். அடிக்கலாமா?
– ராமேஸ்வரம் வாசகர்

பதில்: துரு பிடித்த தகட்டின் மேல் அடித்தால் 8,000 கொடுத்து துருவை மூடி வளர்த்த மாதிரிதான். உப்பும் ஈரமும் உள்ளேயே நிற்கும். முதலில் காருக்குள் விரித்திருக்கும் கால்மிதியைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தரையைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்னும், போன தகடு பொத்தென்று கேட்கும். போனதை வெட்டி எடுத்து வெல்டிங் செய்து, பிரைமர் அடித்த பிறகுதான் கோட்டிங்.

அரிச்சல்முனை ரோட்டில் காற்றோடு மணலும் உப்பும் சேர்ந்து வரும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உவர்ப்பு போர்த் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் உண்டு, மணல் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் மெக்கானிக் யாராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: இ20 பெட்ரோல் போட்டதிலிருந்து கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் வாடை அடிக்கிறது. பெட்ரோல் பங்கைக் குறை சொல்லலாமா?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: பங்கை விடுங்கள், வண்டியை இன்றைக்கே நிறுத்துங்கள். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் எத்தனாலைத் தாங்காது. உப்பிப்போய் வெடிப்பு விடும். சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் மாற்றுங்கள். ஹோஸின் மேல் ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சடித்திருப்பதாக வாங்குங்கள், எழுத்து இல்லாத கறுப்புக் குழாய் வேண்டாம். பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், நம் கடற்கரைக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். ஹோஸ் மாற்றிய முதல் மாதம் பெட்ரோல் பில்டரை வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சிவப்பாகத் தூள் இருந்தால் டேங்கின் உள்ளே துரு. எழுதுங்கள், அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்கிறேன்.