புள்ளி வைத்த எண்ணும் பொய்யான மரபணுவும்

கேள்வி: கொப்புள நோய் கண்ட தேயிலை இலை மூன்று, நல்ல இலை மூன்று. ஆர்என்ஏ தரவைக் கேலக்ஸி இணையதளத்தில் ஏற்றி, நோயில் எந்த மரபணுவின் செயல்பாடு மாறியது எனக் கணக்கிடும் டீசெக்2 கருவியை ஓட்டினால் பிழை காட்டுகிறது. பி மதிப்பு (வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடிய வாய்ப்பின் அளவு) 0.05-க்குக் கீழ் வரும் மரபணுக்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
- ஆய்வு மாணவி, குன்னூர்

பதில்: முதலில் கோப்பைத் திறந்து பாருங்கள். 37.42 என்பதுபோல் புள்ளி வைத்த எண்கள் இருந்தால் அது பெரும்பாலும் டிபிஎம், அதாவது மரபணு நீளத்துக்கும் மொத்த வாசிப்புக்கும் ஏற்ப ஏற்கெனவே சரிக்கட்டிய அளவு. டீசெக்2-க்கு வேண்டியது, ஒவ்வொரு மரபணுவிலும் விழுந்த வாசிப்புகளை (படித்தெடுத்த ஆர்என்ஏ துண்டுகளை) எண்ணும் ஃபீச்சர்கவுன்ட்ஸ் என்ற கருவி தரும் முழு எண்கள். மாதிரிக்கு மாதிரி வாசிப்பு கூடக்குறைய இருப்பதை அதுவே சரிக்கட்டிக்கொள்ளும். டிபிஎம்மை ரவுண்ட் செய்து ஏற்றினால் பிழைச்செய்தி போய்விடும், தப்பு போகாது. சால்மன் என்ற அளவிடும் கருவி தந்த கோப்பு என்றால், அதைத் திருத்தாமல் ஏற்றி, டீசெக்2-இல் உள்ளீட்டு வகையை டிபிஎம் என மாற்றி, எந்த டிரான்ஸ்கிரிப்ட் (மரபணுவின் ஆர்என்ஏ நகல்) எந்த மரபணுவுக்கு உரியது என்ற அட்டவணையையும் கொடுங்கள்.

பி மதிப்பை நம்பக் கூடாது. 30,000 மரபணுக்களைச் சோதித்தால், உண்மையில் எதுவுமே மாறாவிட்டாலும் சுமார் 1,500 தற்செயலாக 0.05-க்குள் விழும். முடிவு அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் உள்ள, இத்தனை சோதனைகளுக்கும் ஏற்பத் திருத்திய பி மதிப்பைப் பாருங்கள். பென்ஜமினி, ஹாக்பெர்க் இருவரும் 1995-இல் தந்த முறை அது. அங்கே சில இடங்களில் 'என்ஏ' (மதிப்பு இல்லை) என்றிருந்தால் பதற வேண்டாம். வாசிப்பு மிகக் குறைவு, அல்லது ஒரு மாதிரி மட்டும் எகிறியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறோம்: மூன்று இலையும் மூன்று செடியிலிருந்தா? நோயிலையை ஜூலைச் சாரலிலும் நல்ல இலையைப் பிப்ரவரி வெயிலிலும் பறித்திருந்தால், நோயையும் பருவத்தையும் எந்தக் கருவியாலும் பிரித்துக் காட்ட முடியாது.