ஒரு ரூபாய்கூடக் குறையாது என்று சொல்லும் ஷோரூமில் என்ன பேசுவது?

கேள்வி: நன்றாக விற்பனையாகும் எஸ்யூவி ஒன்றை வாங்க நினைக்கிறேன். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது, காத்திருக்கவும் வேண்டும் என்கிறார்கள். நியாயமான விலைக்கு எப்படிப் பேசுவது?

அவர்கள் உங்களிடம் பொய் சொல்லவில்லை. எக்ஸ்-ஷோரூம் விலையில், அதாவது வாழ்நாள் வரியும் காப்பீடும் சேராத வண்டி விலையில், ஒரு ரூபாய்கூடக் குறையாதுதான். பேரம் பேச வேண்டிய இடம் கொட்டேஷனில் அந்த விலைக்குக் கீழே எழுதியிருப்பவற்றில் இருக்கிறது.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுபவன். நூல் வாங்கும் பில்லில் எந்த வரியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்த்தே இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்படிப்பட்ட நானே 2024 ஜூலையில் வண்டி வாங்கப் போனபோது முதல் நாளில் ஏமாறப் பார்த்தேன். வண்டி 1.5 லிட்டர் பெட்ரோல் எஸ்யூவி, சாலையில் பத்து நிமிடம் நின்றால் நான்கைந்து கடந்து போகும். எந்த நிறுவனம், எந்த ஷோரூம் என்பதெல்லாம் வேண்டாம். நான் பார்த்த மூன்று இடங்களிலும் கொட்டேஷன் ஒரே அச்சில் வார்த்ததுபோல்தான் இருந்தது.

முதல் நாள் மாமனாரையும் அழைத்துப் போயிருந்தேன். அதுதான் தவறு. ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர், விற்பனைப் பிரிவுப் பையன் பக்கத்தில் நிற்கும்போதே, "மாப்பிள்ளை, இனி வேறு வண்டி எதையும் பார்க்க வேண்டாம். இதையே எழுதிவிடுங்கள்" என்றார். அந்தப் பையனின் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அன்று நான் பேசியது எதுவும் எடுபடவில்லை. அடுத்த தடவை தனியாகப் போனேன்.

கொட்டேஷனைச் சொல்கிறேன். எக்ஸ்-ஷோரூம் விலை 15,20,000. தமிழ்நாட்டு வாழ்நாள் வரி 2,73,600. டி.சி.எஸ். 15,200. காப்பீடு 71,400. துணைப்பொருள் கிட் 38,000. கையாளுதல் கட்டணம் 9,500. கூடுதல் வாரண்டி 24,000. பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு 18,000. கூட்டினால் 19,69,700. ஃபாஸ்டேக், பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைகளை விட்டுவிடுகிறேன்.

இதில் முதல் மூன்று வரிகளில் நேரத்தை வீணாக்காதீர்கள். வாழ்நாள் வரி அரசாங்கம் போடுவது. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையான கார்களுக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். டி.சி.எஸ். என்பது 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு விற்பவர் பிடித்துக் கட்டும் 1 சதவீதம். அது உங்கள் பான் எண்ணில் ஏறும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டியதில்லை என்றால் திரும்பப் பெறலாம். அதைச் செலவு என்று எழுதிவைத்து மறந்துபோனவர்களை எனக்குத் தெரியும். என் அலுவலகத்திலேயே ஒருவர் இருக்கிறார்.

நீங்கள் பார்க்கும் மாடல் 10 லட்சத்தை ஒட்டி இருந்தால் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். 9,99,000 ரூபாய் வண்டிக்கு வாழ்நாள் வரி 1,29,870. 10,01,000 ரூபாய் வண்டிக்கு 1,80,180. விலையில் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம், வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல். மேல் வேரியண்டில் வரும் சன்ரூஃபின் உண்மையான விலை அப்போதுதான் தெரியும். புதுச்சேரி முகவரியில் பதிவு செய்தால் வரி குறையுமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேறு மாநிலத்தில் வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அந்த வம்பு நமக்கு எதற்கு?

மீதமுள்ள 1,60,900 ரூபாய்தான் நம் ஆடுகளம்.

காப்பீட்டிலிருந்து தொடங்குங்கள், அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1,000 முதல் 1,500 சி.சி. வரையான எஞ்சினுக்கு அந்தப் பிரீமியம் 10,640 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 12,555. இந்தத் தொகை எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியம் அப்படி இல்லை. எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்ற விதி 2007இல் நீக்கப்பட்ட பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதாவது அவர்கள் எழுதிய 71,400இல் 12,555 போக மீதி முழுவதும் பேசக்கூடிய பணம்.

நான் செய்தது இதுதான். வண்டியின் காப்பீட்டு மதிப்பு 14,44,000 என்று எழுதியிருந்தார்கள். எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம், அது சரிதான். அதே மதிப்பு, தேய்மானம் கழிக்காத இழப்பீடு, எஞ்சின் பாதுகாப்பு, வண்டி முழுதாகப் போனால் பில் தொகை தருவது, இந்த மூன்று கூடுதல் அம்சங்களும் அப்படியே வைத்து வெளியே விலை கேட்டேன். 49,800 வந்தது. இந்த அம்சங்களை ஒன்றுக்கொன்று சமமாக வைக்காமல் ஒப்பிட்டால் ஷோரூமில் உங்களை நொடியில் மடக்கிவிடுவார்கள்.

தாளை நீட்டியதும் மேலாளர் சொன்னது: "வெளியே எடுத்துக்கொள்ளுங்கள் சார், தடையில்லை. டெலிவரிதான் கொஞ்சம் தள்ளிப்போகும்." எந்த நிறுவனத்தில் காப்பீடு எடுப்பது என்பது வாங்குபவரின் விருப்பம்; காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நெறிமுறைகளும் அதைத்தான் சொல்கின்றன. நான் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, இதையே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள், வீட்டில் காட்ட வேண்டும்" என்றேன். அது வரவில்லை. மறுநாள் மாலை போன் வந்தது: 51,000க்கு அவர்களே முடித்துத் தருகிறார்களாம். ஒத்துக்கொண்டேன். நாளை இடித்துக்கொண்டு அதே பணிமனைக்குத்தான் போகப்போகிறேன். இழப்பீட்டுக்கு அலைச்சல் குறையும் என்றால் 1,200 ரூபாய் போனால் போகட்டும்.

கையாளுதல் கட்டணத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: "இது எதற்கான பணம்?" கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டி கொண்டுவரும் செலவு என்றார்கள். வண்டியை ஷோரூமில் வைத்து விற்பதாகச் சொல்லித்தானே எக்ஸ்-ஷோரூம் விலை வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். அந்தத் தொகையைப் பேனாவால் அடித்துவிட்டார்கள். கேட்காதவர்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

துணைப்பொருள் கிட்டுக்கு வேறு மாதிரியான அழுத்தம் வரும். கிட்டோடு எடுப்பவர்களுக்கு வண்டி சீக்கிரம் ஒதுக்கப்படும் என்பார்கள். மஹிந்திரா ஸ்கார்பியோ-என் வண்டிக்கு 2022 ஜூலை 30 அன்று முன்பதிவு திறந்தபோது அரை மணி நேரத்துக்குள் ஒரு லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அப்படிக் கூட்டம் மொய்க்கும் வண்டி என்றால் இந்த அழுத்தத்தைத் தாங்குவது கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கிட்டில் என்ன இருக்கிறது என்று பொருள்வாரியாக விலை கேளுங்கள். எனக்கு வந்த பட்டியலில் குரோம் பட்டைகளும் சீட் உறையும் குஷனும்தான் பெரும்பகுதி. கிட் வேண்டாம், தரை விரிப்பும் மட் ஃப்ளாப்பும் மட்டும் இலவசமாகத் தாருங்கள் என்றேன். தலையாட்டினார்கள். பூச்சு வேண்டவே வேண்டாம் என்றேன். கூடுதல் வாரண்டியை மட்டும் வைத்துக்கொண்டேன், எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டியில் எனக்குப் பயம் உண்டு.

மூன்று ஊர்களில் கேட்டால் யாராவது ரொக்கத் தள்ளுபடி தர மாட்டார்களா என்று திருப்பூர், கோவை, ஈரோடு என்று அலைந்ததில் டீசல்தான் செலவானது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அனுமதித்த அளவுக்கு மேல் தள்ளுபடி தரும் டீலர்களுக்குத் தண்டம் போட்டது, வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பிச் சோதித்தது என்று சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அதற்கு முன் 2017இல் ஹூண்டாய்க்கு 87 கோடி விதித்தது. அதை அடுத்த ஆண்டே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. சட்டம் எப்படி முடிந்தாலும், ஷோரூம் மேலாளரின் கை எவ்வளவு நீளும் என்பதற்கு இந்த வழக்குகளைப் படித்தால் ஒரு கணக்குக் கிடைக்கும். அந்த 'ரொக்கத் தள்ளுபடி' என்ற சொல்லை நான் பிறகு வாயிலேயே எடுக்கவில்லை.

பழைய வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் எச்சரிக்கை. என் பழைய காருக்கு அவர்கள் போட்ட மதிப்பு 2,10,000, அதன் மேல் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000. போனஸ் என்ற சொல்லில் மயங்காமல் வெளியே விசாரித்தேன்; ஊத்துக்குளிக்காரர் ஒருவர் 2,60,000க்கு எடுத்துக்கொண்டார்.

எப்போது போவது என்பதற்கு நம் ஊரில் நல்ல விடை இருக்கிறது: ஆடி. புது வண்டி எடுக்க வீட்டில் தயங்கும் மாதம் என்பதால் ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதிலும் ஜூலை கடைசி வாரம் மாத இலக்கு வேறு கழுத்தை நெரிக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் போய் இதே பேச்சைப் பேசினால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் வீட்டில் அம்மா ஆடியில் வேண்டாம் என்றுதான் நின்றார். ஜூலை கடைசி வாரத்தில் பில் போடச் சொல்லி, வண்டியை ஆடிப்பெருக்கு அன்று எடுப்பதாகச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. ஆடி பதினெட்டுக்கு எந்த தோஷமும் கிடையாதாம்.

டிசம்பரிலும் சலுகை வரும். ஆனால் தயாரித்த மாதமும் ஆண்டும் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் அச்சாகும், நாளை விற்கும்போது அந்த ஒரு வருடம் கழிக்கப்படும். எந்த மாதமானாலும் முழுப் பணம் கட்டும் முன் சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, வண்டியை நேரில் போய்ப் பாருங்கள். முன்பதிவுப் படிவத்தில் 'டெலிவரி நாளின் விலையே பொருந்தும்' என்ற வரியும் பொடி எழுத்தில் இருக்கும்; முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பேனாவால் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 2025 செப்டம்பர் 22க்கு முந்தைய கொட்டேஷன்களை வைத்து ஒப்பிடாதீர்கள், அன்று ஜி.எஸ்.டி. மாறிவிட்டது. நான் வாங்கியபோது என் வண்டிக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 45 சதவீதம், இப்போது 40. நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன எஞ்சின் எஸ்யூவிகளுக்கு 18 சதவீதம்தான். இந்தக் குறைப்பைத் தங்கள் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

கடைசியில் நான் கட்டியது 18,83,800. அதாவது 85,900 குறைந்தது. இதில் 56,000 நான் வாங்காமல் விட்ட பொருள்களின் விலை. அதைச் சாமர்த்தியம் என்று கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பேசிக் குறைத்தது 29,900. காப்பீட்டில் 20,400, கையாளுதலில் 9,500.

தரை விரிப்பை ஆர்டர் படிவத்தில் எழுதி வாங்கியிருந்தேன். ஆடிப்பெருக்கு அன்று எலுமிச்சம்பழம் நசுக்கும் முன்பே வண்டிக்குள் விரித்திருந்தார்கள். மட் ஃப்ளாப் வாய்வார்த்தையாகப் பேசியது. அது இன்னும் வரவில்லை.