படிக்கும் வரியை விட்டு விலகாமல் பொருள் அறிவது: கேள்வி பதில்

இணையத்தில் படிக்கும்போதே சொற்பொருளை விரைவாகப் பார்ப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, புரியாத சொல் வந்தால் அதை நகலெடுத்து, புதிய டேப் திறந்து, தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் எந்த வரியில் விட்டேன் என்பதே மறந்துபோகிறது. இதைச் சுருக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பத்திக்கு ஒரு முறையாவது தடுக்கி நிற்பவராக இருந்தால், சொல்லின் மீது இருமுறை சொடுக்கியதும் அங்கேயே சிறு பெட்டியில் பொருளைக் காட்டும் எக்ஸ்டென்ஷன் (உலாவியோடு இணைந்து இயங்கும் சிறு நிரல்) ஒன்றை உலாவியில் சேர்த்துக்கொள்வது நல்லது. குரோமுக்காகக் கூகுளே வெளியிட்ட கூகுள் டிக்‌ஷனரி இவ்வகையில் பலரும் அறிந்தது. எப்போதாவது ஒரு சொல்தான் என்றால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. மேக் கணினியில் சஃபாரி வழியே படிப்பவர்கள், சுட்டியைச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டு கன்ட்ரோல், கமாண்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கணினியோடு வரும் அகராதி அங்கேயே விரியும். ஆண்டுக்கணக்காக மேக் வைத்திருப்பவர்களிலும் இதை அறியாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்குப் பிடித்த அகராதித் தளம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் முகப்புக்குப் போகாமல் நேரே சொல்லுக்குப் போக முடியுமா?

பதில்: முடியும். என்னைக் கேட்டால், எக்ஸ்டென்ஷனைவிட நான் விரும்புவது இந்த முறையைத்தான். அந்தத் தளத்தில் ஏதேனும் ஒரு சொல்லைத் தேடி, வரும் பக்கத்தின் முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் தேடிய சொல் அந்த முகவரிக்குள்ளேயே இருக்கும். அந்தச் சொல்லை மட்டும் நீக்கிவிட்டு, அது இருந்த இடத்தில் விழுக்காட்டுக் குறியையும் அதையொட்டிச் சிறிய ‘எஸ்’ எழுத்தையும் (%s) இடுங்கள். குரோமில் தேடுபொறி அமைப்புகளுக்குள் தளத் தேடல் என்ற பகுதியிலும், ஃபயர்ஃபாக்ஸில் ஒரு புக்மார்க்கின் முகவரி இடத்திலும் இந்த முகவரியைச் சேர்த்து, அதற்கு ஓரெழுத்துக் குறுக்குப் பெயர் ஒன்றைக் (ஃபயர்ஃபாக்ஸில் புக்மார்க்கின் குறுஞ்சொல் இடத்தில்) கொடுத்துவிட்டால், பிறகு முகவரிப் பட்டையில் அந்த எழுத்து, ஓர் இடைவெளி, வேண்டிய சொல் என்று தட்டினாலே போதும். ஒருமுறை ஐந்து நிமிடம் செலவாகும். அதன் பின் எத்தனை அகராதிகளுக்கும் இவ்வாறே செய்துகொள்ளலாம்.

கேள்வி: கைப்பேசியில்?

பதில்: ஐபோனில் சொல்லை அழுத்திப் பிடித்தால் எழும் பட்டியலிலேயே பொருள் பார்க்கும் தேர்வு இருக்கிறது, எந்தெந்த அகராதிகள் வேண்டும் என்பதை அமைப்புகளின் பொதுப் பகுதியில் தேர்ந்து இறக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 6 முதல், தேர்ந்தெடுத்த சொல்லை ஏற்றுக்கொள்ளுமாறு எழுதப்பட்ட அகராதிச் செயலிகள் அதே மிதக்கும் பட்டியலில் தோன்றும். மூன்று புள்ளிகளைத் தட்டினால் சில செயலிகள் உள்ளே ஒளிந்திருப்பதைக் காணலாம்.

கேள்வி: சிறு பெட்டியில் வரும் ஆங்கில விளக்கம் மூலச் சொல்லைவிடக் கடினமாக இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய் மூன்று சொற்களுக்குப் பார்க்க வேண்டியதாகிறது.

பதில்: குறை உங்களுடையதன்று, பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அகராதியுடையது. தாய்மொழியாளருக்கென எழுதப்பட்ட அகராதியும் கற்போருக்கென எழுதப்பட்ட அகராதியும் வேறு வேறு. 1978-இல் வெளிவந்த லாங்மன் கற்போர் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் நின்றே எல்லா விளக்கங்களையும் எழுதுவது என்ற கட்டுப்பாட்டைத் தனக்கு விதித்துக்கொண்டது. நீங்கள் தேட வேண்டியது அந்த வகையை. பொருள்களின் வரிசையும் வேறுபடும் என்பதை மறக்க வேண்டாம்: ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வரலாற்று முறைப்படி பழைய பொருளை முதலில் வைப்பதால், ‘நைஸ்’ என்ற சொல்லுக்கு அங்கே ‘அறிவற்ற’ என்ற வழக்கொழிந்த பொருளே முன்னால் நிற்கும், கற்போர் அகராதிகளோ இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முன்னால் நிறுத்தும். பெட்டியில் முதல் பொருள் மட்டுமே தெரியும்போது இந்த வேறுபாடு பெரிதாகிவிடுகிறது.

இலவச எக்ஸ்டென்ஷன்கள் சிலவற்றின் அடியில் இருப்பது 1913-ஆம் ஆண்டு வெப்ஸ்டர் ஆங்கில அகராதி. காப்புரிமை முடிந்த அந்த நூலில் ‘கம்ப்யூட்டர்’ என்பதற்குக் கணக்கிடுபவர் என்றே பொருள். அது எழுதப்பட்ட காலத்தில் அது சரியே. வேறு சிலவற்றின் அடியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ட்நெட் என்ற ஆங்கிலச் சொல் தரவுத்தளம் இருக்கும். அதில் பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை, வினையடை ஆகிய நான்கு வகைகளே உள்ளன என்பதால், முன்னிடைச் சொற்களுக்கும் இணைப்புச் சொற்களுக்கும் உரிய விளக்கம் அதில் கிடைக்காது. நிறுவுமுன் எந்த அகராதி என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தமிழ்ப் பக்கங்களில் இருமுறை சொடுக்கினால் பெரும்பாலும் ஒன்றும் வருவதில்லை, வந்தாலும் தொடர்பில்லாத பொருள் வருகிறது. ஏன்?

பதில்: தமிழில் வேற்றுமை உருபும் காலமும் பாலும் சொல்லோடு ஒட்டியே வருவதால், சொடுக்கில் அகப்படுவது அகராதியில் உள்ள வடிவமாக இருப்பது அரிது. ‘ஆற்றில்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இல்’ என்பதை வெட்டினால் மிஞ்சுவது ‘ஆற்று’. அதுவும் அகராதியில் இருக்கும் ஒரு வினையே என்பதால், நிரல் தயங்காமல் ‘சூட்டைத் தணி’ என்று காட்டிவிடும், நீங்களோ நதியைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பீர்கள். வெறும் பக்கம் வருவதைவிட இது மோசம். (ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் இல்லாமலில்லை: ‘ஃபவுண்ட்’ என்பது கண்டுபிடித்ததையும் குறிக்கும், நிறுவுவதையும் குறிக்கும்.)

ஆகவே தமிழுக்கு நீங்களே தலைச்சொல்லை, அதாவது அகராதியில் இருக்கும் வடிவத்தை, மனத்தில் பிரித்துத் தட்டச்சு செய்வதே இப்போதைக்கு நம்பகமான வழி: ‘கண்டான்’ என்பதற்குக் காண், ‘சென்றனர்’ என்பதற்குச் செல், ‘நாட்டில்’ என்பதற்கு நாடு. மேலே சொன்ன முகவரிப் பட்டை முறை இதற்கு மிகவும் பொருந்தும். 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடலாம். அதில் வினைகள் ‘செய்-தல்’, ‘நட-த்தல்’ என்ற வடிவில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இன்றைய சொற்களுக்குத் தமிழ் விக்சனரியை முதலில் பாருங்கள்.

கேள்வி: இத்தகைய எக்ஸ்டென்ஷன், எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: எந்தப் பக்கத்திலும் சொல்லைப் பிடிக்க வேண்டும் என்பதால் அது கேட்பதில் வியப்பில்லை. ஆனால் வங்கிப் பக்கமும் மின்னஞ்சலும் ‘எல்லாத் தளங்களும்’ என்பதற்குள் அடங்கும். குரோமில் அந்த அனுமதியைச் சொடுக்கும்போது மட்டும் என்றோ, குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் என்றோ சுருக்கலாம். நான் இரண்டாவதையே வைத்திருக்கிறேன். வெளியிட்டவர் யாரென்று தெரியாத எக்ஸ்டென்ஷனை, எவ்வளவு அழகாக இருந்தாலும், சேர்க்க மாட்டேன்.

கேள்வி: நகலெடுப்பதற்காகச் சொடுக்கினாலும் பெட்டி எழுந்து மறைக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

பதில்: விருப்பங்களில் ‘கன்ட்ரோல் விசையோடு இருமுறை சொடுக்கினால் மட்டும்’ என்பது போன்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பல எக்ஸ்டென்ஷன்களில் இருக்கிறது. மாற்றிவிட்டால் தொல்லை நீங்கும்.

கேள்வி: ஸ்கேன் செய்த பக்கங்களில் சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையே?

பதில்: அது எழுத்தன்று, படம், அதில் பிடிப்பதற்குச் சொல் இல்லை. கூகுள் லென்ஸ் போன்ற கருவிகள் படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும். ஆனால் ஒரே ஒரு சொல்தான் வேண்டும் என்றால், அதைக் கண்ணால் பார்த்து முகவரிப் பட்டையில் தட்டுவது அதைவிட விரைவாக முடிந்துவிடும்.